விண்டோவை மூடினால் ஆப்பும் மூட வேண்டுமா? பில்லிங் கவுன்டருக்கு எந்த முறை சரி

டெஸ்க்டாப் ஆப் எழுத உட்கார்ந்தால் பில் எந்த அகலத்தில் அச்சாக வேண்டும், ஜிஎஸ்டி எந்த வரியில் வர வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் பேசுவோம். ஆப் எப்போது முடிய வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. நாம் கேட்காவிட்டால் அதை டூல்கிட்டே (விண்டோ, பட்டன்களை உருவாக்கித் தரும் நூலகம்) முடிவு செய்துவிடும். அந்த முடிவு நம் கடைக்கு ஒத்துவருமா என்று அதற்குத் தெரியாது.

பெங்களூரு சிக்பேட்டையில் தமிழர் ஒருவர் நடத்தும் ஜவுளிக்கடைக்குப் பில்லிங் மென்பொருளைப் புதிதாக எழுதித் தரும் வேலை எங்களிடம் வந்தது. க்யூட்டி, ஜிடிகே, டபிள்யூபிஎஃப், எலக்ட்ரான் என்ற நான்கு டூல்கிட்டுகளையும் பார்த்தோம். பில் போடும் திரையை நான்கிலுமே நன்றாகச் செய்துவிடலாம், அதனால் திரையை வைத்துத் தேர்ந்தெடுக்க வழியில்லை. தொடக்கத்தையும் முடிவையும் எது நம் கையில் கொடுக்கிறது என்று பார்த்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

முதலில் கடையில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். கவுன்டரில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மானிட்டர். ஒன்று கேஷியருக்கு. இன்னொன்று வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கும். மொத்தத் தொகையும் யுபிஐ க்யூஆர் கோடும் அதில் தெரியும். பழைய மென்பொருளில் இவை இரண்டும் தனித்தனி விண்டோ. இரவு கடை அடைக்கும்போது கேஷியர் பெண் தன் பக்கத்து விண்டோவில் எக்ஸ் பட்டனை அழுத்துவார். வாடிக்கையாளர் பக்கத்து மானிட்டரை அதற்கு முன்பே சுவிட்சில் அணைத்திருப்பார்கள். மானிட்டர்தான் அணைந்திருக்கிறது, அதிலிருக்கும் விண்டோ அப்படியே திறந்திருக்கிறது. ஒரு விண்டோ மிச்சம் இருப்பதால் ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) முடியாது. கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யும் வழக்கமும் அங்கே இல்லை, ஸ்லீப்பில் போட்டுவிடுவார்கள்.

மறுநாள் காலையில் ஐகானை டபுள் க்ளிக் செய்தால் இரண்டாவது பிரதி ஒன்று கிளம்பும். ரசீது ப்ரின்டர் காம் போர்ட் (சீரியல் இணைப்பு) வழியாக இணைந்திருந்தது. விண்டோஸில் ஒரு காம் போர்ட்டை ஒரு நேரத்தில் ஒரு ப்ராசஸ்தான் திறக்க முடியும். முந்தைய இரவின் பிரதி அதைப் பிடித்துக்கொண்டிருக்க, புதுப் பிரதி போர்ட் கிடைக்கவில்லை என்று நிற்கும். "அண்ணா, பில் திரை வந்துடுச்சு, ப்ரின்ட் மட்டும் வரமாட்டேங்குது" என்று எங்களுக்கு ஃபோன் வரும். யாரோ அவருக்கு டாஸ்க் மேனேஜரில் எண்ட் டாஸ்க் கொடுக்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அது பழைய பிரதியை அந்த இடத்திலேயே கொன்றுவிடும். குடோனுக்கு ஸ்டாக் கணக்கு அனுப்பிக்கொண்டிருந்த வேலை பாதியில் அறுந்து, முன்கடையில் ஒரு எண்ணும் குடோனில் ஒரு எண்ணுமாக நிற்கும். இத்தனைக்கும் காரணம் எந்த விண்டோ மூடினால் ஆப் முடியும் என்ற ஒரே ஒரு விதி.

டூல்கிட்டுகள் இந்த விதியை நான்கு விதமாக வைத்திருக்கின்றன.

கடைசி விண்டோ மூடினால் ஆப் முடியும் என்பது முதல் விதம், பெரும்பாலான இடங்களில் டீஃபால்ட்டும் அதுதான். க்யூட்டியில் 'குவிட் ஆன் லாஸ்ட் விண்டோ க்ளோஸ்ட்' என்ற பண்பு தொடக்கத்திலேயே ஆன் ஆக இருக்கும். டபிள்யூபிஎஃப்பில் ஷட்டவுன் மோட் என்ற அமைப்பில் 'ஆன் லாஸ்ட் விண்டோ க்ளோஸ்' டீஃபால்ட். ஜாவாஎஃப்எக்ஸும் இதே வழி. எலக்ட்ரானில் 'விண்டோ ஆல் க்ளோஸ்ட்' நிகழ்வை நாம் கவனிக்காமல் விட்டால் கடைசி விண்டோவோடு ஆப்பும் போய்விடும். கவனிக்கத் தொடங்கினால் பொறுப்பு முழுக்க நம் தலையில். பழைய ஜாவா ஸ்விங் ஒரு விதிவிலக்கு. எக்ஸ் அழுத்தினால் அதன் டீஃபால்ட் விண்டோவை மறைப்பது மட்டுமே, ப்ராசஸ் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்விங் கற்றுக்கொள்பவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. மேக்கிலும் வழக்கம் வேறு: எல்லா விண்டோவும் மூடினாலும் ஆப் மெனு பாரில் உயிரோடு இருப்பதையே அங்கே பயனர்கள் எதிர்பார்ப்பார்கள்.

எழுத்துத் திருத்தி, படம் பார்க்கும் ஆப் போல ஒவ்வொரு விண்டோவும் சம அந்தஸ்தில் இருக்கும் இடங்களுக்கு இந்த விதி கச்சிதமாகப் பொருந்தும். கவுன்டரில் விண்டோக்கள் சமமில்லை. பில் விண்டோதான் கடை. வாடிக்கையாளர் திரை அதன் நிழல். க்யூட்டி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பேரன்ட் (தனக்கு மேலே இன்னொரு விண்டோ) உள்ள விண்டோக்களை அது இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. பேரன்ட் இல்லாத விண்டோவாக இருந்தாலும் 'குவிட் ஆன் க்ளோஸ்' என்ற அட்ரிப்யூட்டை அணைத்தால் அதுவும் கணக்கிலிருந்து விலகிவிடும். வாடிக்கையாளர் திரைக்கு அந்த ஒரு வரியைப் போட்டிருந்தால் சிக்பேட்டையின் பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்திருக்கும்.

இந்த விதி எதிர்த் திசையிலும் கடிக்கும். பில் விண்டோவை மறைத்து ஆப்பை ட்ரேயில் (டாஸ்க்பாரின் ஓரத்தில் சின்ன ஐகான்கள் நிற்கும் இடம்) உட்கார வைத்திருக்கிறோம் என்று வையுங்கள். ட்ரே மெனுவிலிருந்து 'ஸ்டாக் அனுப்பியாச்சு' என்று ஒரு சின்ன மெசேஜ் பாக்ஸ் வருகிறது. பயனர் ஓகே அழுத்துகிறார். கண்ணுக்குத் தெரிந்த கடைசி விண்டோ அந்த மெசேஜ் பாக்ஸ்தான் என்பதால் அதோடு சேர்ந்து ஆப்பும் முடிந்துபோகும். பிழைச் செய்தி கிடையாது, க்ராஷும் கிடையாது. ட்ரே ஐகான் காணாமல் போனதை யாராவது மாலையில் கவனித்தால் உண்டு. க்யூட்டியின் சொந்த ட்ரே உதாரண நிரலில் இந்தப் பண்பை அணைக்கும் வரி இருப்பது இதற்காகத்தான்.

மெயின் விண்டோ மூடினால் முடியும் என்பது இரண்டாவது விதம். டபிள்யூபிஎஃப்பில் 'ஆன் மெயின் விண்டோ க்ளோஸ்' என்று இதற்குத் தனி மோடே உண்டு. பைத்தானின் டிகின்டரில் ரூட் விண்டோவை அழித்தால் மற்ற எல்லா விண்டோவும் கூடவே போய், மெயின் லூப்பும் (க்ளிக், டைப் போன்றவற்றுக்குக் காத்திருந்து ஆப்பை ஓடவைக்கும் சுழற்சி, மற்ற இடங்களில் ஈவென்ட் லூப்) முடிந்துவிடும். அதன் வடிவமைப்பே அப்படி. க்யூட்டியில் இந்தப் பெயரில் மோட் கிடையாது. பில் விண்டோவின் க்ளோஸ் ஈவென்ட்டில் (விண்டோ மூடப்போகும்போது வரும் நிகழ்வு) நாமே குவிட் அழைத்துக்கொள்ள வேண்டும், அது ஒன்றும் பெரிய வேலையில்லை.

கவுன்டருக்கு இயல்பாகப் பொருந்துவது இதுதான். ஆனால் லாகின் விண்டோவில் ஒரு பொறி இருக்கிறது. டபிள்யூபிஎஃப்பில் முதலில் உருவாகும் விண்டோவே தானாக மெயின் விண்டோ ஆகிவிடும். பில்லிங் ஆப்பில் முதலில் வருவது லாகின். பாஸ்வேர்ட் சரியாக இருந்தது, லாகின் விண்டோ மூடியது, மெயின் விண்டோ மூடியதாக நினைத்து ஆப் முடிந்தது. டீஃபால்ட்டான கடைசி விண்டோ மோடிலும் இதே கதிதான், ஏனென்றால் லாகின் மூடிய அந்த நொடியில் வேறு விண்டோ ஒன்றும் இல்லை. கேஷியர் பார்வையில் சரியான பாஸ்வேர்டைப் போட்டதும் மென்பொருள் ஓடிப்போகிறது! தீர்வு வரிசையில் இருக்கிறது: தொடங்கும்போது மோடை 'ஆன் எக்ஸ்ப்ளிசிட் ஷட்டவுன்' என்று வையுங்கள், லாகின் காட்டுங்கள், பில் விண்டோவை உருவாக்கி அதையே மெயின் விண்டோ என்று நியமியுங்கள், அதற்குப் பிறகு மோடை 'ஆன் மெயின் விண்டோ க்ளோஸ்' என மாற்றுங்கள். ஓடும்போதே மோடை மாற்ற டபிள்யூபிஎஃப் அனுமதிக்கிறது.

நாமே சொன்னால்தான் முடியும் என்பது மூன்றாவது. ட்ரேயில் உட்காரும் ஆப்புகளுக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸெப்ஷன் (எதிர்பாராத பிழை) ஒன்று வந்து பில் விண்டோ திறக்காமலே போனால், முகமே இல்லாத ப்ராசஸ் ஒன்று பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். சிக்பேட்டைக் கதை அப்படியே திரும்ப வரும், இம்முறை வேறு காரணத்தோடு.

நான்காவதைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்பட்டு நான் பார்த்ததில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். விண்டோவை எண்ணாமல் வேலையை எண்ணுவது. ஜிடிகே உலகில் ஜிஅப்ளிகேஷனுக்கு (ஆப்பின் தொடக்கத்தையும் முடிவையும் கவனிக்கும் வகுப்பு) ஒரு யூஸ் கவுன்ட் உண்டு. ஹோல்ட் அழைத்தால் ஒன்று கூடும், ரிலீஸ் அழைத்தால் ஒன்று குறையும். ஆப்பில் சேர்த்த ஒவ்வொரு விண்டோவும் தானும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும். எண்ணிக்கை பூஜ்யமானால் ஆப் முடியும். பில் விண்டோ மூடிய பிறகும் குடோனுக்குக் கணக்கு போய்க்கொண்டிருந்தால், அந்த வேலை ஒரு ஹோல்ட் வைத்திருப்பதால் ஆப் காத்திருக்கும். அனுப்பி முடித்து ரிலீஸ் செய்ததும் தானே விடைபெறும். ஜிடிகேயில் முதல் நிரல் எழுதுபவர்கள் ரன் செய்த உடனே ஆப் சத்தமில்லாமல் முடிந்துவிட்டது என்று குழம்புவதற்கும் இதே கணக்குதான் காரணம். விண்டோவை உருவாக்கிவிட்டு அதை ஆப்போடு சேர்க்க மறந்திருப்பார்கள், எண்ணிக்கை பூஜ்யத்திலேயே இருந்திருக்கும்.

க்யூட்டியில் இதே வேலைக்கு 'ஈவென்ட் லூப் லாக்கர்' என்ற சிறிய வகுப்பு உண்டு. க்யூட்டி 5 முதல் இருக்கிறது. வேலை நடக்கும்வரை அந்த ஆப்ஜெக்டை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். டபிள்யூபிஎஃப்பிலும் எலக்ட்ரானிலும் இதற்கு நேரான வசதியை நான் பார்க்கவில்லை. எக்ஸ்ப்ளிசிட் மோடில் நாமே ஒரு எண்ணிக்கை வைத்து எழுத வேண்டும். எழுதிவிடலாம். யாராவது ஓரிடத்தில் குறைக்க மறப்பார்கள் என்பதுதான் கவலை.

விதி எதுவானாலும், முடிப்பதற்கு நாம் அழைக்கும் கட்டளை என்ன செய்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஒப்பீட்டில் அதிகம் வேறுபடுவது இந்த இடம்தான். க்யூட்டி 6-இல் குவிட் என்பது வேண்டுகோள் மாதிரி: முதலில் எல்லா விண்டோவையும் மூடப் பார்க்கும், ஏதாவது ஒரு விண்டோ 'பில் பாதியில் இருக்கிறது' என்று மறுத்தால் குவிட் ரத்தாகும். எக்ஸிட் என்பது யாரையும் கேட்காது. க்யூட்டி 5-இல் குவிட்டும் கேட்காமலே முடித்துவிடும். ஆகவே பழைய நிரலை 6-க்கு மாற்றுபவர்கள் குவிட் வேலை செய்யவில்லை என்று அலறுவதற்கு முன் தங்கள் க்ளோஸ் ஈவென்ட்டைப் பார்ப்பது நல்லது.

டபிள்யூபிஎஃப்பில் இதற்கு நேர்மாறு. ஷட்டவுன் அழைத்தால் ஒவ்வொரு விண்டோவின் க்ளோஸிங் நிகழ்வும் வரும், ஆனால் அதில் கேன்சல் என்று சொன்னால் அது மதிக்கப்படாது. 'பில்லைச் சேமிக்கவா?' என்ற கேள்வியை அங்கே கேட்பதால் பயனில்லை, பயனர் வேண்டாம் என்றாலும் ஆப் போய்விடும். கேள்வியை ஷட்டவுன் அழைப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். எலக்ட்ரானில் குவிட் அழைத்தால் 'பிஃபோர் குவிட்', 'வில் குவிட்' நிகழ்வுகள் வரும், எக்ஸிட் அழைத்தால் இரண்டும் வராது. ஜாவாஎஃப்எக்ஸில் ப்ளாட்ஃபார்ம் எக்ஸிட் என்றால் ஸ்டாப் மெதட் ஓடும். சிஸ்டம் எக்ஸிட் என்றால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

பயனர் எக்ஸ் அழுத்தாமலே ஆப் முடியும் நேரமும் உண்டு. விண்டோஸில் யாராவது லாக் ஆஃப் கொடுத்தால், செஷன் முடியப்போகிறது என்று ஒவ்வொரு ஆப்புக்கும் தகவல் வரும். பதில் சொல்ல ஆப்புக்குக் கிடைப்பது ஏறக்குறைய 5 விநாடி. அதற்குள் அசையாவிட்டால் விண்டோஸ் அதை வெட்டிவிடலாம். இந்தச் சூழலில் டபிள்யூபிஎஃப்பில் விண்டோவின் க்ளோஸிங் நிகழ்வு வராது. அதற்கென இருக்கும் 'செஷன் எண்டிங்' நிகழ்வைத்தான் பிடிக்க வேண்டும். எலக்ட்ரானின் 'பிஃபோர் குவிட்'டும் விண்டோஸ் லாக் ஆஃபில் வராது. க்யூட்டியில் மெயின் ஃபங்க்‌ஷனில் எக்ஸெக் (ஈவென்ட் லூப்பைத் தொடங்கும்) அழைப்புக்குக் கீழே துப்புரவு நிரலை எழுதும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. லாக் ஆஃப் சமயத்தில் அந்த வரிகளுக்குக் கட்டுப்பாடு திரும்பும் என்று உறுதி கிடையாது. 'அபவுட் டு குவிட்' சிக்னலில் இணைக்கச் சொல்லி க்யூட்டியின் ஆவணங்களே எச்சரிக்கின்றன. லினக்ஸில் வேறொன்று: சிக்டெர்ம் சிக்னல் (ப்ராசஸை முடியச் சொல்லும் செய்தி) வந்தால் க்யூட்டி தானாக அதைக் கையாளாது, 'அபவுட் டு குவிட்' வராமலே ப்ராசஸ் போய்விடும். நாமே ஹேண்ட்லர் வைக்க வேண்டும்.

கரன்ட் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால் எந்த நிகழ்வும் வராது. எனவே முடியும் நேரத்தில் சேமித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தையே விட்டுவிட்டோம். ஒவ்வொரு பில்லும் அச்சுக்குப் போவதற்கு முன்பே எஸ்க்யூலைட்டில் (கம்ப்யூட்டரிலேயே ஒரு கோப்பாக இருக்கும் டேட்டாபேஸ்) ஒரு டிரான்ஸாக்‌ஷனாகக் கமிட் ஆகிவிடும். குடோனுக்கு அனுப்ப வேண்டியவை ஒரு டேபிளில் வரிசையில் நிற்கும், அனுப்பியதற்கு உறுதி வந்த பிறகே வரிசையிலிருந்து நீங்கும். இப்படி வைத்த பிறகு எண்ட் டாஸ்க் கொடுத்தாலும் கணக்கு கெடாது. முடியும் நேரத்துக்கு மிச்சம் இருப்பது மூன்றே சின்ன வேலைகள்: ப்ரின்டர் போர்ட்டை விடுவது, அனுப்பும் த்ரெட்டை (பின்னணியில் ஓடும் வேலையை) நிறுத்தச் சொல்லி அது முடியும்வரை காத்திருப்பது, இரண்டாவது பிரதி கிளம்பாமல் தடுக்கும் பூட்டை எடுப்பது. த்ரெட்டுக்குக் காத்திருப்பதை விடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் க்யூத்ரெட்டை அழித்தால் ப்ரோக்ராம் க்ராஷ் ஆகும். நாள் முழுக்க ஒழுங்காக ஓடிய ஆப் மூடும்போது மட்டும் பிழைப் பெட்டி காட்டினால் கேஷியருக்கு அதன் மேல் நம்பிக்கை போய்விடும்.

இனி தொடக்கம். இதில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நீட்டிப் பேச வேண்டும்: இரண்டாவது பிரதி. இங்கே ஜிடிகே எல்லோரையும் முந்துகிறது. ஆப்புக்கு ஒரு ஐடி கொடுத்துவிட்டால் டிபஸ் (ப்ராசஸ்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வழியாக அது தனி ஒருவன் என்று பதிவாகும். இரண்டாம் முறை திறந்தால் புதிய ப்ராசஸ், ஏற்கனவே ஓடுவதற்கு 'ஆக்டிவேட்' என்று தகவல் அனுப்பிவிட்டுத் தானே வெளியேறும். 'ஸ்டார்ட்டப்' சிக்னல் முதல் பிரதிக்கு மட்டும்தான் வரும். எலக்ட்ரானில் சிங்கிள் இன்ஸ்டன்ஸ் லாக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் வெளியேறலாம், முதல் பிரதிக்கு 'செகண்ட் இன்ஸ்டன்ஸ்' நிகழ்வு போகும். டபிள்யூபிஎஃப்பில் பெயருள்ள ம்யூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பிடிக்கக்கூடிய பூட்டு) ஒன்றை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். க்யூட்டியின் மைய நூலகத்தில் இதற்கென ஒரே சுவிட்ச் கிடையாது. லாக் ஃபைல் வகுப்பையும் லோக்கல் சர்வரையும் சேர்த்துக் கட்ட வேண்டும்: லாக் கிடைக்காத பிரதி, லோக்கல் சர்வர் வழியாக 'முன்னால் வா' என்று முதல் பிரதிக்குச் சொல்லிவிட்டு விலகும். பிரதி ஒன்று கொல்லப்பட்டுப் பூட்டு கிடந்தாலும், பூட்டில் எழுதியிருக்கும் ப்ராசஸ் எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து க்யூட்டி அதைத் தானே அகற்றிவிடும். லினக்ஸில் லோக்கல் சர்வரின் பழைய சாக்கெட் கோப்பு மிச்சமிருந்தால் அதை மட்டும் ரிமூவ் சர்வர் சொல்லி நாம் நீக்க வேண்டும்.

பூட்டை லாகினுக்கு முன்னால் பார்க்க வேண்டும். பாஸ்வேர்ட் எல்லாம் போட்ட பிறகு 'ஏற்கனவே ஓடுகிறது' என்று சொன்னால் கேஷியருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும். பூட்டு, லாகின், டேட்டாபேஸ், பில் விண்டோ, அதன் பிறகு ஈவென்ட் லூப் ஓடத் தொடங்கியதும் ப்ரின்டர், கடைசியாகக் குடோன் இணைப்பு. காலையில் இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பில் திரை வந்துவிட வேண்டும் என்பதால் இந்த வரிசை. ஸ்ப்ளாஷ் ஸ்க்ரீன் வேண்டுமா என்று முதலாளி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். திரை சட்டென்று வந்தால் அதற்கு வேலையே இல்லை.

முடிவுக்கு வருகிறேன். முன்கடையில் விண்டோஸ், குடோனில் இருப்பது உபுண்டு. டபிள்யூபிஎஃப் விண்டோஸை விட்டு வெளியே வராது, ஆகவே அது முதலிலேயே கழிந்தது. எல்லாம் விண்டோஸாக இருந்து குழுவுக்கு சிஷார்ப்பும் தெரிந்திருந்தால் மேலே சொன்ன லாகின் வரிசையோடு டபிள்யூபிஎஃப்பையே தேர்ந்தெடுத்திருப்பேன். மூன்று மோடுகளும் பெயரோடு இருப்பதால் புதிதாக வருபவருக்கும் ஒரு வரியைப் பார்த்ததும் புரிந்துவிடும். எலக்ட்ரானை விட்டதற்கு முக்கியக் காரணம், எஸ்பி ரோட்டில் வாங்கிய 4 ஜிபி ரேம் கம்ப்யூட்டர். தொடக்கம், முடிவு விஷயத்தில் ஜிடிகேதான் என் மனதுக்குப் பிடித்தது. ஆனால் விண்டோஸில் அதை நிறுவி, பராமரித்து, ஒவ்வொரு அப்டேட்டுக்கும் கடைக்குப் போய் நிற்கும் தெம்பு எங்களுக்கு இல்லை.

ஆக க்யூட்டி 6, பைத்தானில் பைசைட் (க்யூட்டியைப் பைத்தானிலிருந்து பயன்படுத்தும் நூலகம்) வழியாக. எல்ஜிபிஎல் உரிமம் என்பதால் இந்த அளவு கடைக்குத் தனியாகப் பணம் கட்டவும் வேண்டாம். லாஸ்ட் விண்டோ பண்பை ஆன் ஆகவே விட்டு, வாடிக்கையாளர் திரையைக் கணக்கிலிருந்து விலக்கி, அனுப்பும் வேலைக்கு ஈவென்ட் லூப் லாக்கர் வைக்கிறோம். பில் விண்டோ மூடினால் வாடிக்கையாளர் திரையும் மூடும். அனுப்ப ஏதாவது மிச்சமிருந்தால் ஆப் ஒரு நிமிடம் வரை காத்திருந்து பிறகு முடியும். அனுப்பாமல் நின்றவை டேபிளிலேயே இருப்பதால் காலையில் தொடரும். பைத்தானில் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: விண்டோ ஆப்ஜெக்டை ஒரு மாறியில் பிடித்து வைக்காவிட்டால் பைத்தானே அதை அள்ளிக்கொண்டு போய்விடும், விண்டோ ஒரு கணம் மின்னி மறையும்.

கடையில் ஒப்படைப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இவை: பில் அச்சாகும்போது எக்ஸ் அழுத்துவது, வாடிக்கையாளர் மானிட்டரை அணைத்துவிட்டு மூடுவது, ஐகானை அவசரமாக நாலு முறை க்ளிக் செய்வது, லாக் ஆஃப், எண்ட் டாஸ்க், பிளக்கைப் பிடுங்குவது. ஒவ்வொன்றுக்கும் பிறகு டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸ் மிச்சமிருக்கிறதா, கடைசி பில் எண் சரியாக இருக்கிறதா, மறுபடி திறந்தால் ப்ரின்டர் வருகிறதா என்று பார்க்கிறோம். எக்ஸ் அழுத்தியதும் 'கடையை அடைக்கிறீர்களா?' என்று கேட்கும் பெட்டி வேண்டும் என்று கேஷியர் கேட்டிருக்கிறார். க்யூட்டி 6-இல் க்ளோஸ் ஈவென்ட்டை மறுத்தாலே போதும் என்பதால் அதையும் சேர்க்கிறோம். விண்டோஸ் லாக் ஆஃப் சமயத்தில் மட்டும் அந்தப் பெட்டி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.